முற்றுப்புள்ளி இல்லாமல் அனுப்பக் கூடாது

'டமார்' என்று ஒரு சத்தம். சிவகாசிப் பக்கம் அதற்கெல்லாம் யாரும் தலையைத் திருப்புவதில்லை. ஆனால் இது எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி, செல்போனை மேசையில் அறைந்த சத்தம். இணையத் தமிழின் பொற்காலம் எந்த நொடியில் பிறந்தது என்று நாளை சரித்திர ஆசிரியர்கள் அடித்துக்கொண்டால், சாட்சி சொல்ல மேனேஜராகிய நான் தயார்.

"இதைப் படிலே," என்றார்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப். திருத்தங்கல் டீக்கடையில் நாங்கள் காவலுக்கு உட்கார்த்தி வைத்திருக்கும் ஊர்க்காவலன் என்ற பையன் எழுதியிருந்தான்: 'ஜிபு தங்க தண்டிசு 7ல 7போ பின்ன'.

"அதிகாரி ஜீப்பு திருத்தங்கலைத் தாண்டிருச்சு, ஏழாம் ஷெட்டுல இருந்து ஏழு பேரைப் பின்னால அனுப்புங்கான். சரியாத்தான இருக்கு அண்ணாச்சி?"

"பம்பாய் ஏஜெண்டுல இருந்து சம்பந்தி வரைக்கும் குரூப்ல இருக்காக. மானம் போகுதுலே."

ஷெட்டு என்னும் பட்டாசு அறை ஒன்றுக்கு நான்கு பேர் என்பது சட்டம். பதினொரு பேர் என்பது தீபாவளி சீசன். இரண்டுக்கும் நடுவே சமாதானம் காக்கும் உன்னதப் பணியில் எழுத்துப் பிழை இருக்கலாமா? அன்றே 'மொழித் தூய்மைக் குழு' அமைந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நானே. இனி எந்தத் தகவலும் முதலில் என்னிடம் வரும். நான் திருத்தி, நிறுத்தக்குறி இட்டு, குரூப்பில் வெளியிடுவேன்.

ஷெட்டுகளைக் கண்காணிக்கும் பொன்மணிக்கு மட்டும் திருப்தி இல்லை.

"ஏண்ணே, நீங்க கமா போட்டு முடிக்கங்குள்ள ஜீப்பு வாசலுக்கு வந்துரும். மாட்டுனா லைசென்ஸு போயிரும். எங்க அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும்."

"அவசரத்துக்காக இலக்கணத்தைக் கைவிட முடியாது, பொன்மணி."

"அப்ப ஷெட்டுக்கு நாலு பேரை மட்டும் உக்கார வைங்க. எழுதவே வேண்டாம்."

இந்த யோசனை குழுவின் அதிகார வரம்புக்குள் வராததால் நிராகரிக்கப்பட்டது.

வியாழக்கிழமை ஊர்க்காவலனின் எச்சரிக்கை வந்தது. பொன்மணி பயந்தது போலத் தாமதிக்காமல், மளமளவென்று செதுக்கி வெளியிட்டேன்:

'மதிப்பிற்குரிய ஆய்வாளரின் வாகனம் திருத்தங்கலைக் கடந்துவிட்டது. நால்வர் மட்டுமே அமர வேண்டிய ஏழாம் அறையில் பதினொருவர் இருப்பதால், எழுவரைப் பின்வேலி வழியாக வேப்பந்தோப்பிற்கு உடனே அனுப்பவும்.'

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்வெட்டுல வெட்டலாம்லே."

ஏழு பேரும் வேலியைத் தாண்டினார்கள். வாசலில் மாலையோடும் இளநீரோடும் நின்றோம். ஜீப் வரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து அந்த ஏழு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையாகத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆய்வாளர் சூர்யபிரகாஷ், கையில் செல்போனோடு.

அண்ணாச்சி இளநீரோடு அவரிடம் ஓடினார். "தோப்புல இருக்காகன்னு உங்ககிட்ட எவன் சார் காட்டிக் கொடுத்தான்?"

"யாரும் காட்டிக் கொடுக்கலைங்க. போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புறதுக்காக நீங்களேதான் என்னை இந்தக் குரூப்ல சேர்த்தீங்க. ஒரு வருஷமா ஒரு வரி புரியலை, இன்னைக்குத்தான் தெளிவா ஒரு வாக்குமூலம் கிடைச்சிருக்கு."