செவ்வாய்தோறும் சமத்துவம்

மனக்கவலைக்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. அது மாத்திரை அல்ல, ஊசி அல்ல, மூலிகையும் அல்ல. ஒரு மேசை. நீள்வட்டமானது. பதினான்கு பேர் வசதியாகச் சாய்ந்து உட்காரலாம். அதைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்த அன்றைக்கே மனித குலத்தின் கவலையில் பாதி தீர்ந்துவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து. மேசை லிஃப்டுக்குள் நுழையாததால் அதை ஐந்து மாடி தூக்கி வந்தவர்களின் கவலை மட்டும் பாக்கி. அது முதுகு சம்பந்தப்பட்டது. எங்கள் வரம்புக்குள் வராது.

'மனநலச் சிகிச்சை மேம்பாடு மற்றும் சமவாய்ப்பு ஆய்வுக் குழு' என்பது எங்கள் முழுப் பெயர். நான் அதன் உறுப்பினர் செயலாளர். அதாவது, உறுப்பினர்கள் பேசுவார்கள். அவர்கள் என்ன பேசியிருக்க வேண்டுமோ அதை நான் எழுதுவேன்.

குழு பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. எங்கள் ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கரையில் தெருவுக்கு ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார். மனம் லேசாகச் சுளுக்கிக்கொண்டால்கூடப் போதும். குளிர்ந்த அறையில் மெத்தென்ற நாற்காலியில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் தலையாட்டிக் கேட்பார். அந்தக் கரையில் இருப்பது ஒரே ஓர் அரசு மருத்துவமனை. அதில் மூன்றாம் எண் அறைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் ஒரு டாக்டரம்மா வருவார். மற்ற நாட்களில் அதே அறையில் பல் பிடுங்குவார்கள். ஆகவே அந்தக் கரைக்காரர்கள் துக்கப்படுவதானால் கிழமை பார்த்துத்தான் பட வேண்டும்.

இந்த அநீதியைப் பொறுக்க முடியாமல்தான் எங்கள் தலைவர் பொங்கி எழுந்தார். அவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட மேடைத் தமிழைத்தான் பயன்படுத்துவார். குழு எந்த நாளில் கூடுவது என்று கேள்வி வந்தது. திங்கள் அவருக்கு நீர்வளக் குழு. புதன் நிலவளக் குழு. வியாழனும் வெள்ளியும் அந்த இரண்டையும் ஒருங்கிணைக்கும் குழு. செவ்வாய்தான் காலி. மணி பதினொன்று என்று முடிவாயிற்று.

டாக்டரம்மா மட்டும் தயங்கினார். அன்றைக்குத்தான் தனக்கு அந்தக் கரையில் நோயாளிகள் காத்திருப்பார்கள் என்றார்.

"அதனால்தானே அம்மா தங்களைச் சேர்த்திருக்கிறோம்? களத்தின் குரல் இந்த அவையில் ஒலிக்க வேண்டாமா?" என்றார் தலைவர்.

குரல் வந்து சேர்ந்தது. மாதத்தில் ஒரு செவ்வாய் களத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு நாள்தானே, ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று நானே அவரைத் தேற்றினேன்.

எங்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நோயின் கஷ்டத்தைத் தானே பட்டு அறிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். 'அனுபவசாலி உறுப்பினர்' என்று பதவிக்குப் பெயர். ஆள் தேடி ஒரு செவ்வாய்க்கிழமை நானே பாலம் கடந்து போனேன். மூன்றாம் எண் அறைக்கு வெளியே பெஞ்சில் முதல் ஆளாக ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார், வேலையில் இல்லாதபோதும்.

அவர் கதை சுருக்கமானது. பல மாதமாகத் தூக்கம் சரியில்லை. ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றது. பச்சை விழுந்தது. அவருடைய கால் பிரேக்கை விட்டு எழவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், பயணிகள் திட்டினார்கள், பிறகு ஒவ்வொருவராக இறங்கி நடந்தார்கள். கடைசியில் பஸ்ஸில் இருந்தது அவரும் கண்டக்டரும்தான். கண்டக்டர் அவருடைய மனைவியின் தம்பி. அவர்தான் கையைப் பிடித்து இறக்கி வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மாவிடம் வரத் தொடங்கிய பிறகு தூக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்றார். ஆனால் டிப்போவில் கெடு வைத்திருந்தார்கள். வருடம் முடிவதற்குள் டாக்டர் சரி என்று சொன்னால் ஸ்டீயரிங். இல்லாவிட்டால் டயர் கிடங்கு, நிரந்தரமாக.

"இருபது வருஷமா ரோட்டைப் பார்த்த கண்ணு சார். டயரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

நான் குழுவைப் பற்றிச் சொன்னேன். கேட்டவுடன் அவர் முகம் வாடியது.

"செவ்வாய்க்கிழமையா? அன்னைக்குத்தானே சார் டாக்டரம்மா வருவாங்க?"

டாக்டரம்மாவும் குழுவில்தான் இருக்கிறார் என்று விளக்கினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பச் சரி. அங்கயே பார்த்துக்கலாம்."

இந்தக் கள்ளங்கபடமற்ற நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

முதல் கூட்டத்தில் அவர் சிக்னல் கதையைச் சொன்னபோது தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பார்த்து எல்லோரும் துடைத்தோம். கண்ணாடி இல்லாதவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தேநீர் இடைவேளையில் டிரைவர் டாக்டரம்மாவின் பக்கத்தில் போய், மூன்று நாளாக மறுபடியும் தூக்கம் வரவில்லை என்று மெல்லச் சொன்னார். டாக்டரம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான், தலைவர் பதறிப்போனார்.

"என்ன இது? அங்கே வரிசையில் காத்திருப்போருக்குக் கிடைக்காத சிகிச்சை இங்கே ஒருவருக்கு மட்டும் கிடைக்கலாமா? இதை ஒழிக்கத்தானே நாம் கூடியிருக்கிறோம்?"

டிரைவர் நியாயஸ்தர். அது சரிதான் என்று தன் நாற்காலிக்குத் திரும்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நோயாளி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று விவரம் தெரியாதவர்கள் கேலி செய்யக்கூடும். வெண்ணெய் நெய்யாவதற்கு நடுவே ஒரு துணைக்குழு தேவை என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

மூன்றாவது கூட்டத்தில் 'புள்ளிவிவரம்' வரைபடம் காட்டினார். அது எங்கள் உறுப்பினர் ஒருவரின் பட்டப்பெயர். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் எழுபது சதவீதம் என்பார். அந்தக் கரை மருத்துவமனைக்கு வரும் மனநோயாளிகளின் எண்ணிக்கையைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார். கோடு சறுக்கு மரத்தில் இறங்கும் குழந்தையைப் போல உற்சாகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்போதிலிருந்து இந்தச் சரிவு?" என்று கேட்டார் தலைவர்.

"நம்ம குழு ஆரம்பிச்ச மாசத்துல இருந்து."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் மேசையைத் தட்டினார்.

"பார்த்தீர்களா? எவ்வளவு சரியான தருணத்தில் தொடங்கியிருக்கிறோம்!"

நிலைமையின் அவசரம் கருதி, இனி மாதம் இருமுறை கூடுவது என்று முடிவாயிற்று. அடுத்த வரைபடத்தில் கோடு இன்னும் செங்குத்தாக இறங்கியது. பதறிப்போய் வாரந்தோறும் கூடினோம். கோடு தரையில் நீட்டிப் படுத்துவிட்டது. அந்தக் கரையில் நிம்மதியாகப் படுத்தது அது ஒன்றுதான்.

நோயாளிகள் ஏன் வருவதில்லை என்று ஆழமாக விவாதித்தோம். அறியாமை என்றார் ஒருவர். கூச்சம் என்றார் இன்னொருவர். போக்குவரத்து வசதி இல்லாததாக இருக்குமோ என்று தலைவர் அனுபவசாலியைக் கேட்டார்.

"நான் பஸ் டிரைவருங்க. எங்க ஊட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரே ஒரு ஸ்டாப்பு."

"பின் ஏன் தாங்கள் செல்வதில்லை?"

"செவ்வாய்க்கிழமை இங்க வந்துடறேனே."

புள்ளிவிவரம் அதை ஒதுக்கிவிட்டார். அது தனிமனிதக் காரணமாம், பொதுமைப்படுத்த முடியாதாம். டாக்டரம்மாவோ மடியில் கைப்பையை வைத்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் இப்போது அங்கே இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லியும்விட்டார். "அருமை! இதையே தீர்மானமாக்குவோம்," என்று தலைவர் என்னை எழுதச் சொன்னார். அதை நகலெடுத்து வரைவுத் துணைக்குழுவுக்கு அனுப்பினேன்.

இதற்கிடையில் கண்டக்டர் என் அலுவலகத்துக்கு வந்தார். அத்தானைக் குழுவிலிருந்து விட்டுவிடுங்கள் என்றார். ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். அக்காவும் தூங்குவதில்லையாம். வருடம் முடியப் போகிறதாம். புது டிரைவர் பிரேக் போட்டால் தான் முன் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்வதாகவும் ஒரு துணைப் புகார் சொன்னார். தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, டிரைவரின் அனுபவம் இப்போதுதான் ஆழமாகிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் இழப்பது ஆராய்ச்சிக்கு நல்லதல்ல என்றார். தவிர, குணமாகிவிட்டால் அனுபவசாலி என்ற தகுதி போய்விடும்; அப்புறம் வேறு ஆளுக்கு எங்கே போவது? உறுப்பினர் நலனில் இவ்வளவு அக்கறை உள்ள தலைவரை நான் கண்டதில்லை.

கடைசியில் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க செவ்வாய் வந்தது. வரைவுத் துணைக்குழு தீர்மானத்தைச் செதுக்கிக் கொடுத்திருந்தது. தலைவர் எழுந்து நின்று படித்தார்: "மறுகரை மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவரும் நோயாளியும் தவறாமல் சந்திக்க வேண்டும் என்று இக்குழு உறுதியாகக் கருதுகிறது." ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினோம்.

கை தட்டல் ஓய்ந்ததும் டிரைவர் எழுந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஆனால் சட்டை மடிப்புக் கலையவில்லை.

"தீர்மானம் நிறைவேறிடுச்சுங்களா?"

"நிறைவேறிவிட்டது ஐயா. வாழ்த்துகள்," என்றார் தலைவர்.

"இன்னைக்குச் செவ்வாய்தானே? டாக்டரம்மா, வாங்க போலாம். கீழ எங்க மச்சினன் பஸ்ஸு நிக்குது."

டாக்டரம்மா ஒரு நொடிதான் அவரைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை; ஐந்து மாடியும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். கண்டக்டர் படியில் நின்று இருவரையும் கை கொடுத்து ஏற்றி, பஸ்ஸைத் தட்டி, நீளமாக ஒரு விசில் கொடுத்தார். பஸ் பாலத்தின் பக்கம் திரும்பியது.

தலைவர் அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டார்.

"தீர்மானம் நிறைவேற்றுவதற்கு உரியது. அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது யார்?"

அதன்பின் இருவரும் செவ்வாய்க்கிழமைகளில் வரவில்லை. களத்தின் குரலும் அனுபவசாலியும் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று நாங்களே விதி எழுதி வைத்திருந்தோம். எனவே மாதக்கணக்கில் கூட முடியாமல் தவித்தோம். நாங்கள் பட்ட மன உளைச்சலைக் கேட்க ஒரு நாதி இல்லை.

பிறகு ஒருநாள் புள்ளிவிவரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். கோடு எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். உட்கார்ந்தது மட்டுமல்ல, ஏறுகிறதாம். தலைவர் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். இறுதி அறிக்கைக்கு 'குழுவின் மகத்தான தாக்கம்' என்று அவரே தலைப்புக் கொடுத்தார். பயனாளி ஒருவரின் வாய்மொழி தேவைப்பட்டது. நான் டிரைவரைத் தேடிப் போனேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் அவரே பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். கருவளையத்தைக் காணோம். கெடுவுக்குள் டாக்டரம்மா சரி சொல்லிவிட்டாராம். கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்தார்; கம்பியைப் பிடிக்காமலே நின்று, பிரேக்கைக் கவனியுங்கள் சார், வெண்ணெய் மாதிரி என்றார். சிக்னல் வந்தது. நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்தது. பஸ் சாதாரணமாக நகர்ந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது, சந்தோஷம்தான், வேறென்ன? குழு உங்களுக்கு எப்படி உதவியது என்று கேட்டேன்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"ரொம்ப உதவுச்சு சார். கூடாம இருந்தப்போ."

அறிக்கையில் இடம் போதாததால் முதல் மூன்று சொற்களை மட்டும் போட்டோம். நிதி கொடுப்பவர்கள் படித்துப் பூரித்துப் போனார்கள். குழுவுக்கு இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பு. டாக்டரம்மா இனி தவறாமல் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நாள், கிழமை, நேரத்தில் மாற்றமில்லை. வெற்றி பெற்ற முறையை யாராவது மாற்றுவார்களா?

டிரைவர் குணமாகித் தகுதி இழந்துவிட்டதால் புது அனுபவசாலி தேவைப்பட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை, விதியைக் கொஞ்சம் தளர்த்திக் கூடிய கூட்டத்துக்கு நடுவே அதற்காகவே என்னை அனுப்பினார்கள். டிரைவரின் பஸ்ஸிலேயே பாலம் கடந்தேன். மூன்றாம் எண் அறை பூட்டியிருந்தது. முன்பு ஒரு பெஞ்ச் இருந்த இடத்தில் இப்போது நான்கு பெஞ்சுகள், அத்தனையும் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். இவ்வளவு தகுதியுள்ளவர்களை ஒரே இடத்தில் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. எல்லாம் எங்கள் குழு வளர்த்த பயிர்.

முதல் பெஞ்சில் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் எங்க சார்?"

"உங்களைப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டிருக்காங்க," என்றேன் பெருமையாக.

"எங்களைப் பத்திப் பேசறாங்க, சரி. எங்ககிட்ட எப்ப சார் பேசுவாங்க?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! எந்த ஆராய்ச்சியாளருக்கும் இதுவரை தோன்றாத கேள்வி. அடுத்த செவ்வாய் பதினோரு மணிக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய முதல் பொருளாக அதைச் சேர்த்துவிட்டேன். டாக்டரம்மா கட்டாயம் வர வேண்டும் என்று அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.