எட்டாம் சேனல்

“கேக்குதா?” என்று லென்ஸ் தன் ஹெல்மெட்டுக்குள் கேட்டான். மேஜைமேல் கிடந்த இன்னொரு ஹெல்மெட் “கேக்குதா?” என்று கரகரத்தது. அவன் குரல் மாதிரியே இல்லை. சளி பிடித்த யாரோ ஒருவரைத் தகர டப்பாவுக்குள் உட்கார வைத்தது போலிருந்தது. ஆனாலும் வாக்கி டாக்கி வேலை செய்தது. இனிப் பிரச்சினை அதில் இல்லை, அந்த இரண்டாவது ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளப் போகிறவரிடம்தான்.

லென்ஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவனுக்கு, வாழ்க்கையில் தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

டீச்சர் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். இருபத்தெட்டுக் குழந்தைகளை ஒரே அறையில், ஒரு தடவைகூடக் கத்தாமல் உட்கார வைப்பாள். அது எப்படி முடிகிறது என்று அவன் ஒருநாள் கேட்டபோது, “ஒவ்வொருத்தர் காதுலயும் ஒவ்வொண்ணு சொல்வேன்” என்றாள். கெட்டிக்காரிதான் என்று அவன் சொக்கிப் போனான். அதற்குமேல் யோசிக்கவில்லை.

சிக்கல் டீச்சரின் அப்பா. முப்பது வருஷம் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் எட்டு போடச் சொல்லி, பாதி ஊரை நடந்தே வீட்டுக்கு அனுப்பியவர். எட்டு சார் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லென்ஸும் அவர் முன்னால் எட்டு போட்டிருக்கிறான். எட்டின் இடுப்பு வரைக்கும் நன்றாகத்தான் போனான். அங்கே கால் ஒரே ஒரு நொடி தரையைத் தொட்டது. “இறங்கு” என்றார் எட்டு சார். அவர் குரலில் அவன் கேட்டிருக்கும் ஒரே வார்த்தை அதுதான். அப்புறம் வேறொரு அதிகாரியிடம் போய்த்தான் உரிமம் வாங்கினான்.

போன வாரம் டீச்சர் கடைக்கு வந்து ஒரு திட்டம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவனும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று போய் வர வேண்டும். அவன் முன்னால், அவர் பின்னால். இரண்டு ஹெல்மெட்டிலும் வாக்கி டாக்கி மாட்ட வேண்டியது அவன் பொறுப்பு.

“காதுல என்ன கேட்டாலும் அப்படியே செய். ஏன், எதுக்குன்னு கேக்காதே. எதிர்த்துப் பேசவே பேசாதே.”

“டெஸ்ட்டா?” என்று கேட்டான் லென்ஸ்.

“டெஸ்ட்டுதான்.”

“ஃபெயிலாயிட்டா?”

ஃபெயிலானால் அந்த வீட்டில் ஆறு மாசத்துக்கு யாரும் யாரோடும் பேச முடியாது, அதில் கல்யாணப் பேச்சை எங்கே எடுப்பது என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் தைரியம் சொல்வதாக எடுத்துக்கொண்டான்.

வாக்கி டாக்கியோடு வந்த காகிதத்தை மூன்று தடவை படித்தான். பேச வேண்டுமானால் கைப்பிடியில் மாட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். இங்கேதான் அவனுக்கு இடித்தது. “நீங்க நல்லா ஓட்டறீங்க மாமா, ஓவர்” என்றால் மனுஷர் என்ன நினைப்பார்? வருங்கால மாமனாரைப் பார்த்து ஓவர் என்று சொல்லிவிட்டு எந்த மாப்பிள்ளை பிழைத்திருக்கிறான்? வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம் என்று முடிவு செய்தான். மொத்தம் பதினாறு சேனல் இருந்தன. மாமாவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எட்டாம் நம்பரில் வைத்தான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லென்ஸ் வாசலில் போய் நின்றபோது எட்டு சார் தயாராக இருந்தார். சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். தெருக்கோடியில் நின்ற காரின் நம்பரை உதடு அசையப் படித்தார். ஓய்வு பெற்றும் அதிகாரப் புத்தி போகவில்லை, எவனையோ புகார் செய்யப் போகிறார் என்று லென்ஸ் நினைத்தான்.

“வணக்கம் மாமா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஷூ நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கோபம்தான், சந்தேகமேயில்லை.

வீட்டு இரும்புக் கேட்டில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்டிலும் அதே உயரத்தில் ஒரு பள்ளம். லென்ஸ் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை எட்டு சார் பார்த்தார். உடனே கேட்டை மறைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்ட, அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டிகள் கிளம்பின. முதல் தெரு முழுக்க ஹெல்மெட்டுக்குள் சத்தமே இல்லை. செட் வேலை செய்கிறதா என்ற பயத்தில் லென்ஸ் பொத்தானை அழுத்தி, “கேக்குதா?” என்றான்.

“பேசாதே. வேலையைப் பாரு” என்றது தகர டப்பாக் குரல்.

உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகு அவன் விரல் பொத்தான் பக்கமே போகவில்லை.

“வா. வா. நேரா வா” என்றது குரல். நேராகப் போனான்.

“இடது.” திரும்பினான். “இன்னும் இடது.” திரும்பினான். “இன்னும் கொஞ்சம் இடது.” மறுபடி திரும்பியதில், கிளம்பிய வீட்டு வாசலே வந்துவிட்டது. டீச்சர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். இவன் ஹெல்மெட்டை ஆட்டினான். வண்டிக் கண்ணாடியில் பார்த்தால், எட்டு சார் பின்னாலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்.

“போதும். இப்ப வலது. வலது. இன்னும் வலது.”

அந்தப் பக்கத்து வீடுகளையும் ஒரு சுற்று சுற்றி, டீச்சர் வீட்டு முச்சந்திக்கே வந்தபோதுதான் லென்ஸுக்குப் பளிச்சென்று உறைத்தது. இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். எட்டு! மைதானத்தில் விட்ட எட்டை மாமா தெருவிலேயே போடச் சொல்கிறார். ஒன்பது வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறார். இந்தத் தடவை கால் தரையில் படவில்லை. லென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தில் பாதி முடிந்த மாதிரி இருந்தது.

மீதிப் பாதிதான் கடைத்தெருவில் காத்திருந்தது.

“நில்லு” என்றது குரல், கடைத்தெருவின் நட்டநடுவில். “ஆடாம நில்லு.”

லென்ஸ் பிரேக் போட்டான். எட்டு சாரும் போட்டார். பின்னால் வந்த பழ வண்டியும், அதற்குப் பின்னால் ஒரு வேனும், அதற்குப் பின்னால் ஒரு பேருந்தும் போட்டன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. லென்ஸ் ஆடவில்லை. கண்ணாடியில் பார்த்தான், மாமாவும் ஆடவில்லை. ஒரு தேர்வை நடத்துவதற்காக இந்த வயசில் இப்படிக் கூடவே நின்று கஷ்டப்படுகிறாரே என்று அவர்மேல் மதிப்பே கூடிவிட்டது.

“பின்னாடி வா.”

லென்ஸ் காலால் உந்தி வண்டியைப் பின்னுக்குத் தள்ளினான். எட்டு சாரும் தள்ளினார். பழ வண்டிக்காரர் தன்னைப் பெற்றவர்கள், இவர்களைப் பெற்றவர்கள் என்று எல்லாரையும் துணைக்கு அழைத்தார்.

“நில்லு. அப்படித்தான். பெல்ட்டைக் கழட்டு.”

லென்ஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எந்த பெல்ட்? மோட்டார் சைக்கிளில் ஏது பெல்ட்? தாடையடியில் இருந்த ஹெல்மெட் வாரைத் தொட்டுப் பார்த்தான். நடுரோட்டில் ஹெல்மெட்டைக் கழற்ற வைத்துப் பிடிப்பதற்கான பொறியாக இருக்குமோ? கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

எட்டு சார் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

செய்து காட்டுகிறார். மனுஷர் எத்தனை பொறுமையாகச் செய்து காட்டுகிறார். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனது ஆகட்டும் என்று லென்ஸ் தன் பெல்ட்டை உருவினான். பெண் வீட்டுக்குப் போகிறோமே என்று வாங்கிய புதுக் கால்சட்டை. ஒரு அளவு பெரிது. கடைக்காரர் சொன்னார், இவன்தான் கேட்கவில்லை.

“கழட்டியாச்சா? இன்னொரு பெல்ட்டையும் கழட்டு.”

யோசித்தான். கைக்கடிகாரத்தின் பெல்ட்டைக் கழற்றினான். பின்னால் எட்டு சாரும் கடிகாரத்தைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி புத்தி ஓடுகிறதே என்று அந்த நிலைமையிலும் ஒரு சந்தோஷம்.

“சரி. கையைத் தூக்கு. அப்பதான் தெரியும்.”

தூக்கினான்.

“ரெண்டு கையும்.”

இரண்டு கையையும் தூக்கினான், ஒன்றில் பெல்ட், ஒன்றில் கடிகாரம். கால்சட்டை ஒரு விரல்கடை இறங்கியது. பேருந்தின் ஜன்னல்கள் எல்லாம் தலையாக இருந்தன. யாரோ போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக்குவரத்துக் காவலர் அம்மாள் வந்தார். வெயிலில் நின்று நின்று சலித்துப் போன முகம். கையை உயர்த்தி நிற்கும் இரண்டு ஆண்களையும் பார்த்தார். சட்டென்று குனிந்து, நாலு பக்கமும் நோட்டம் விட்டார்.

“யாரு மிரட்டறாங்க? எங்க இருக்கான்?” என்று தணிந்த குரலில் லென்ஸிடம் கேட்டார்.

“யாருமில்லைங்க. டெஸ்ட் நடக்குது.”

“என்ன டெஸ்ட்?”

“கல்யாணத்துக்கு” என்றான் லென்ஸ்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். வாடை ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கவலையாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மெல்ல மாறியது. அப்புறம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

எதிரே பாதி கட்டி முடித்த ஒரு உயரமான கட்டடம். அதன் தலைக்கு மேலே ஒரு கிரேன், கம்பிக் கட்டை இறக்கிவிட்டு வெறும் கொக்கியோடு மெதுவாக இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“பத்தாவது மாடிக்குக் கம்பி ஏத்தறாங்க. கம்பியைக் கட்டித் தூக்கற பட்டைக்குப் பேரு பெல்ட்டு. கீழ நின்னு ஒருத்தர் வாக்கி டாக்கில சொல்றாரு. அவரு கிரேன்காரருக்கும் மாடில நிக்கறவங்களுக்கும் சொன்னா நீங்க எதுக்குய்யா அவுக்கறீங்க?”

லென்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. எட்டாம் சேனல். மாமாவுக்கு மரியாதை. இரண்டு மைல் தூரம் அவன் ஒரு கம்பிக் கட்டுக்காக இடது வலது திரும்பியிருக்கிறான். அந்த எட்டும் எட்டில்லை.

“பெரியவரே, சின்னவருதான் இப்படின்னா உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று காவலர் அம்மாள் பின்பக்கம் கேட்டார்.

எட்டு சார் குனிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒழுங்காக வீடு போய்ச் சேர வேண்டும், அன்றைக்கு மறுபடி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பேருந்துக்கு வழி விடப் போனார்.

லென்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மூடிய ஒரு கடையின் வாசலில் நிறுத்தினான். கல்யாணம் போயிற்று. இனி டீச்சரின் முகத்தில் எப்படி விழிப்பது? மாமா வந்து “இறங்கு” என்று சொல்வதற்கு முன்னால் தானே இறங்கி நின்றான்.

அப்போதுதான் ஒன்று அவனுக்குத் தோன்றியது. குரல் கிரேன்காரர்களுடையது என்றால் மாமா இத்தனை நேரமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சரி. தேர்வு வைக்க வந்தவர் எதற்காகத் தன் பெல்ட்டைக் கழற்றினார்?

எட்டு சார் பக்கத்தில் வந்தார். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். பள்ளம் விழுந்த மட்கார்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை இரண்டு கையாலும் லென்ஸிடம் நீட்டினார்.

“கண் டாக்டர் தம்பி டெஸ்ட் வெச்சு பாஸ் போட்டாத்தான் இனிமே சாவின்னு என் பொண்ணு சொல்லிட்டா” என்றார் மிகவும் தாழ்ந்த குரலில். “நான் பாஸா, சார்?”