டீகாராம் சார் எண்ணிய மூன்று ஓட்டு

இனிமேல் இந்த வீட்டில் எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான் முடிவாகும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீகாராம் சார் அறிவித்தார். நகராட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணும் அதிகாரிக்கான பயிற்சியை முடித்துவிட்டு அன்றுதான் தான்சேன் நகரத்திலிருந்து திரும்பியிருந்தார். போகும்போது கணக்கு வாத்தியார். வரும்போது தேர்தல் கமிஷன்.

விவகாரம் வாசல் அறை. சனிக்கிழமை விடுமுறையில் சிநேகிதர்களோடு சீட்டாட அது அவருக்கு வேண்டும். அங்கே கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகும் மோமோவுக்குக் கடை போட வேண்டும் என்பது மனைவி தேவ்குமாரியின் ஆசை. ஒரு வருஷமாக இழுபறி. சாருக்குச் சீட்டாட்டம் உயிர். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிற மனிதர் அந்த ஒரு மதியம்தான் வாய்விட்டுச் சிரிப்பார்.

ஓட்டு மூன்று: அவர், மனைவி, அவருடைய அப்பா. ஊரே ‘புவா’ என்று கூப்பிடும் அந்த அப்பாவும் சீட்டுப் பைத்தியம். ஆக, இரண்டுக்கு ஒன்று. கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா?

“விதியெல்லாம் கேட்டுக்கோ. ஓட்டுப் பெட்டியை உள்ளறையில வெச்சுக் கதவுக்கு ரெண்டு கட்சியும் சீல் வைக்கணும். சீல் உடைஞ்சா மறு ஓட்டு. ரெண்டு கட்சியும் கூடிப் பேசி ஒத்துக்கிட்டாத்தான் பெட்டியைத் திறக்கலாம்.”

“அதிகாரி எங்கே இருக்கணும்ங்க?” தேவ்குமாரி பணிவாகக் கேட்டாள்.

“பெட்டி பக்கத்துல! நகரவே கூடாது!”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். கேட்டுவிட்டுப் போய் நிறைய மாவு பிசைந்தாள். சார் அதைக் கவனிக்கவில்லை. ஓட்டுக் குத்துவதற்காக முள்ளங்கியில் ஸ்வஸ்திக் முத்திரை செதுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் ஓட்டுப்பதிவு. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் முத்திரை குத்தி ஓட்டுச்சீட்டை பிஸ்கட் டின்னில் போட்டார்கள். சார் மூடிக்கு அரக்கு வைத்தார். டின்னை அணைத்துக்கொண்டு மக்காச்சோள மூட்டைகள் இருந்த உள்ளறைக்குள் கம்பீரமாக நுழைந்தார். வெளியே கதவுக்குத் தேவ்குமாரியும் புவாவும் அரக்கு வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது.

“தேவ்குமாரி! அது என்ன வாசனை?”

“உங்க சிநேகிதங்க வந்துட்டாங்கங்க. சீட்டாட நீங்க இல்லை. பசியோட எவ்வளவு நேரம் உக்காருவாங்க, பாவம்!”

“சரி, எண்ணிடலாம் வா!”

“எங்க கட்சி இன்னும் கூடிப் பேசலைங்க.”

“உங்க கட்சியில நீ ஒருத்திதானே!”

“அதான் லேட்டாகுது. எல்லாத்தையும் நானே யோசிக்கணும்ல?”

“புவா! நீங்களாவது சொல்லுங்க!”

“இருடா... வாயில சூடா இருக்கு.”

சார் எழுந்து கதவருகே வந்தார். ஒரு தள்ளு தள்ளினால் கதவு திறந்துவிடும். ஆனால் சீல் உடையும். உடைந்தால் மறு ஓட்டு. இப்போது மறு ஓட்டு வைத்தால், வாயில் மோமோ இருக்கிற அப்பா யாருக்குக் குத்துவார்? சார் மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு தேவ்குமாரியின் கட்சி மனமிரங்கியது. சீல் உடைத்து எண்ணினார்கள். சீட்டாட்டம் இரண்டு, மோமோ ஒன்று.

“ஜெயிச்சுட்டேன்!” சார் சீட்டுக்கட்டோடு வாசல் அறைக்கு ஓடினார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. சிநேகிதர்கள், அக்கம்பக்கத்தார், அவர்களுடைய பிள்ளைகள், எல்லார் கையிலும் தட்டு. நெருங்கிய சிநேகிதர் லோக்பகதூர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சார், சீட்டை அப்புறம் பாத்துக்கலாம். அந்தச் சட்னியை இப்படித் தள்ளுங்க.”

“உனக்குத்தான்டா ஓட்டுப் போட்டேன்,” என்றார் புவா, மென்றபடியே. “ஆனா அது காலையில.”

“தீர்ப்பை நான் ஒத்துக்கறேங்க,” என்றாள் தேவ்குமாரி. “அறை உங்களுது. இவங்களை நீங்களே எழுப்பி அனுப்புங்க.”

யாரை எழுப்புவது? எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். லோக்பகதூர் ஏதோ சொல்ல, அறையே சிரித்தது. தேவ்குமாரி நீட்டிய தட்டை சார் வாங்கி ஒன்றை வாயில் போட்டார். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. மடமடவென்று தட்டைக் காலி செய்தார். வயிறு நிறைந்ததும் மனசும் நிறைந்துபோனது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் கையிலிருந்த சீட்டுக்கட்டை மெல்ல வாங்கிக்கொண்டு தேவ்குமாரி ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.

“எண்ணறதுக்குப் பயிற்சி எடுத்தவராச்சே! தட்டுக்குப் பத்து. குறையாம எண்ணி வைங்க.”