பின்னோக்கி எண்ணும் கல்லூரி

13 ஏப்ரல் 2026, திங்கட்கிழமை, காலை 9.40
ஹான்காக், மிச்சிகன்
கடித எண்: 6/2026
பொருள்: ஆய்லாவின் மருத்துவ நுழைவுத் தேர்வு மதிப்பெண் காலாவதியாவது குறித்து

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

அண்ணன் ஆர்விட் எழுதிக்கொள்வது. நான் நலம். ஃபுளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே ஏரி இன்னும் உருகவில்லை.

உன் மகள் ஆய்லா என் வீட்டில் தங்கி ஆம்புலன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவக் கல்லூரிக்கு முயல்வதும், 2024 மே 10, வெள்ளிக்கிழமையன்று தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றதும் நீ அறிந்ததே. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பது கல்லூரியின் விதி. ஆகவே 2027 மே 10 வரை கவலையில்லை என்று சமையலறையில் மாட்டியிருக்கும் பல ஆண்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்தேன். சென்ற ஜூனில் அவள், "இந்த வருஷமே விண்ணப்பம் போட்டுடட்டுமா மாமா?" என்றாள். "எதுக்கு அவசரம்? ஒரு குளிர்காலம் வேலை பாரு, அடுத்த ஜூன்ல போடலாம்" என்றேன். "சரி மாமா" என்றாள். சொல் கேட்கும் பெண்.

நவம்பர் 18 அன்று, எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று கல்லூரிக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் திருமதி பிரான்ட்வோல்ட். "பரீட்சை எழுதின நாள்லேர்ந்து முன்னால எண்ணாதீங்க சார். வகுப்பு தொடங்குற நாள்லேர்ந்து மூணு வருஷம் பின்னால எண்ணணும். வர்ற ஜூன்ல விண்ணப்பிச்சா 2027 ஆகஸ்ட்லதான் சேர முடியும், அதுக்கு இந்த மார்க் செல்லாது" என்றார். பின்னோக்கி எண்ணி யாரம்மா பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மாள், "உங்க ஊர் ஏரி ஐஸ் மேல பழைய காரை நிறுத்தி, என்னிக்கு முழுகும்னு பந்தயம் கட்டுறீங்களே, கார் முழுகுன நாளைப் பாத்து ஜெயிச்சவரச் சொல்றீங்களா, சீட்டு வாங்குன நாளைப் பாத்தா?" என்றார். முப்பத்தோரு ஆண்டுகளாக அந்தப் பந்தயத்தின் நேரக் கண்காணிப்பாளன் நான். என்னிடமே கேட்கிறார்! தொலைபேசியைப் பண்போடு வைத்துவிட்டேன்.

அன்று தொடங்கி இக்குளிர்காலம் முழுதும் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு வரைந்துவருகிறேன்; இதுவரை ஏழு வரைவுகள் ஆகிவிட்டன, நீராவிக் குளியலறையில் கூட ஒரு வரைவை வாசித்தேன், மை கரைந்தது, பக்கத்துவீட்டு வைனோ, "ஏம்ப்பா ஆர்விட், நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணு பென்ஷன் வாங்கிடும் போலிருக்கே" என்று கிண்டலடித்தான், நான் பொருட்படுத்தவில்லை. ஆய்லாதான் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தாள். ஏலக்காய் ரொட்டியைத் தின்றுகொண்டே, "மூணாவது பத்தியில 'அநீதி' ரெண்டு தடவை வருது மாமா, ஒண்ணை எடுத்துடுங்க" என்பாள். பாவம், எதிர்காலமே ஊசலாடும்போதும் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. மனு தோற்றால் அவள் அந்த ஏழரை மணி நேரத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். தாய் என்ற முறையில் நீ இணைப்பிலுள்ள மனுவில் கையொப்பமிட்டு ஏப்ரல் 20க்குள் திருப்பி அனுப்பவும்.

கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாராக.

அன்புடன்,
ஆர்விட் கோஸ்கெலா

பி.கு., காலை 11.15: கையொப்பம் வேண்டாம். இரவுப் பணி முடிந்து வந்த ஆய்லா இக்கடிதத்தைப் படித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சென்ற ஜூனில் "சரி மாமா" என்ற அன்று மாலையே விண்ணப்பித்துவிட்டாளாம். இந்த ஆகஸ்ட் வகுப்புக்கு அவள் மதிப்பெண் செல்லுமாம். ஜனவரியில் பல் வைத்தியரிடம் என்று போனது நேர்காணலுக்காம். பிப்ரவரியிலேயே இடம் கிடைத்துவிட்டதாம். "அப்புறம் ஏன்டி ஏழு வரைவையும் திருத்துன?" என்றேன். "குளிர்காலம் நீளம் மாமா. உங்களுக்கும் ஒரு வேலை வேணாமா?" என்றாள். உனக்கும் எல்லாம் தெரியுமாமே.

இணைப்புகள்:
1. மனு, ஏழாம் வரைவு. ரத்து செய்யப்பட்டது, எனினும் ஐந்தாம் பத்தி நன்றாக வந்திருப்பதால் படிக்கவும்.
2. என் நாட்காட்டியின் 2027 மே மாதத் தாள். இனித் தேவையில்லை.
3. மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஆய்லாவுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் விழாவுக்கு என் பெயரிட்டு வந்த அழைப்பு, 2026 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. இதை மட்டும் பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பவும்.