ஓநாய்க்கு ஒரு ஜாதகம்

“உனக்கு நாப்பத்தி நாலு ஆயிருச்சுடா. அடுத்த வாரம் நீ செத்தாலும் செத்துருவ,” என்றான் நயீம், பொரித்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே.

நிவேந்திரனுக்கு வயது முப்பத்தொன்றுதான். நயீம் சொன்னது அவனைப் பற்றியல்ல, கணேஸ்வரனைப் பற்றி. கணேஸ்வரன் ஓர் ஓநாய் மனிதன். பௌர்ணமி வந்தால் உடம்பெல்லாம் மயிர் முளைத்து, பல் நீண்டு, எதிரிகளைக் கந்தலாக்கிவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளையாக எழுந்து பல் விளக்குகிறவன்.

மலாக்காவின் மஸ்ஜித் தானா என்ற ஊரில் நயீமுக்கு ஒரு துணிக்கடை. ஞாயிறு மதியங்களில் கடையின் பின்னறையில் கைலிக் கட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நயீம் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் புகுந்து விளையாடுவார்கள்; நிவேந்திரனின் பாத்திரம்தான் கணேஸ்வரன். அடியா, உதையா, பிழைப்பதா, சாவதா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஏழு வருஷமாக நடக்கிறது இந்தக் கூத்து.

நிவேந்திரன் அலோர் காஜாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே வாசலில் படுத்திருக்கும் பூனைகூட அவனைக் கண்டு நகர்ந்து வழிவிடாது. வாரத்தில் ஒரு மதியம் மட்டும் அவனைப் பார்த்து ஒரு ராஜ்ஜியமே நடுங்கியது. அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற ஆறரை நாளையும் அவன் சகித்துக்கொண்டிருந்தான். கணேஸ்வரன் போய்விட்டால் மிச்சமிருப்பது வெறும் நிவேந்திரன். அந்த நினைப்பே அவனுக்குப் பயங்கரமாக இருந்தது.

“விதிப் புத்தகத்துல ஓநாய் மனுஷனுக்கு ஆயுள் எவ்வளவுன்னே போடலையேடா!”

“போடலைல்ல? அதான் நானே கணக்குப் போட்டேன். மனுஷன் எழுபத்தஞ்சு. ஓநாய் பதினஞ்சு. கூட்டிப் பாதி போடு. நாப்பத்தஞ்சு. அடுத்த வாரம் கதையில ஒரு வருஷம் தாண்டுது. ஒத்தப்படை விழுந்தா முடிஞ்சுச்சு லா.”

“அவன் பாதி மனுஷன்டா!”

“அதான் பாதி போட்டேன்.”

சூனியக்காரியாக விளையாடும் வாணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பேசாம ஜாதகம் பாத்துட்டு வா நிவேன். ஆயுள் எவ்வளவுன்னு அதுல வந்துரும்ல?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். நயீம் தாடையைத் தடவினான். “சரி, கொண்டு வா. எழுதிக் கொடுத்தா ஒத்துக்கறேன்.”

“நீ எப்படா ஜாதகத்தை நம்ப ஆரம்பிச்ச?”

“நான் எதுக்கு நம்பணும்? கணேஸ்வரன்னு பேரு வச்சிருக்க. உன் ஓநாய் நம்பும்ல?”

நிவேந்திரன் நிஜமாகவே கிளம்பிவிட்டான். அலோர் காஜா பக்கமே தலைகாட்டக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தான். அங்கே இருக்கிற ஜோசியர், பூசாரி, பூக்காரர் அத்தனை பேரும் அவன் அம்மா பாக்கியலட்சுமிக்குப் பழக்கம். அதனால் ஒரு நாள் வேலை முடிந்ததும் நேராகப் புலாவ் செபாங்குக்குக் காரை விட்டான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மருதமுத்து என்று ஒரு ஜோசியர். முன்பின் தெரியாதவர். அதுதான் வேண்டும்.

கணேஸ்வரனின் பேரோடு பிறந்த தேதியும் நேரமும் தயாராக இருந்தன. பௌர்ணமி ராத்திரி, வேறென்ன? மருதமுத்து கட்டம் போட்டார், விரல் விட்டு எண்ணினார், கண்ணை மூடினார், திறந்தார்.

“ஆயுள் கெட்டி தம்பி. எண்பத்திரண்டு வரைக்கும் எமனே வந்தாலும் வாசல்ல நிக்க வேண்டியதுதான்.”

நிவேந்திரனுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. “அப்படியே எழுதிக் கொடுத்துருங்க சாமி!”

“அப்பா பேரு?”

ஓநாய்க்கு அப்பா பேர் வைக்கவேண்டும் என்று அவன் யோசித்ததே இல்லை. “பாலகிருஷ்ணன்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“ஊரு?”

“அலோர் காஜா.”

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். “லோரி ஓட்டிக்கிட்டிருந்த பாலகிருஷ்ணனா? அப்ப நீ பாக்கியலட்சுமி மகன்! மூஞ்சியைப் பாத்ததுமே நினைச்சேன். போன மாசந்தானே உனக்குப் பொண்ணு பாக்கணும்னு உங்கம்மா வந்துட்டுப் போனாங்க.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

“அப்ப இந்தக் கணேஸ்வரன் யாரு?”

“அண்ணன், சாமி.”

“ஒரே பிள்ளைன்னாங்களே உங்கம்மா?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வயசு மாப்பிள்ளைப் பையன் வாரா வாரம் ஓநாயாக விளையாடுகிறான் என்று ஒரு ஜோசியருக்குத் தெரிந்தால், மலாக்கா மாநிலத்தில் அவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? “அம்மாவுக்குத் தெரியாது சாமி. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க,” என்றான். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மருதமுத்து பெருமூச்சு விட்டார். அவனை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார். ஜாதகத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

படம் பிடித்து நயீமுக்கு அனுப்பியதும் அவனே கூப்பிட்டான். “எண்பத்திரண்டு சரிடா. ஆனா மனுஷ வருஷமா, ஓநாய் வருஷமா?”

“டேய், உனக்கு மனசாட்சியே கிடையாதா?”

“ஓநாய்க்கு ஒரு வருஷம்னா நமக்கு அஞ்சு வருஷம் மாதிரி. ஓநாய்க் கணக்கா இருந்தா எண்பத்திரண்டை அஞ்சால வகுக்கணும், பதினாறுதான் வரும், அவன் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும். கேட்டுட்டு வா.”

மறுநாள் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு ஜோசியருக்குப் போன் போட்டான்.

“சாமி, அந்த எண்பத்திரண்டு, முழு மனுஷக் கணக்குதானே?”

“வேற என்ன கணக்கு தம்பி?”

“இல்ல சாமி… எங்க அண்ணன் முழுசா மனுஷன் இல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாறிடுவான்.”

“மாறிடுவான்னா?”

“ஊளையிடுவான். கடிப்பான். மத்த நாள்ல தங்கமான ஆளு.”

ஜோசியர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இப்ப எங்க வச்சிருக்கீங்க அவரை?”

“மஸ்ஜித் தானாவுல சாமி. ஒரு துணிக்கடைக்குப் பின்னால. ஒரு பெட்டிக்குள்ள…”

போன் துண்டிக்கப்பட்டது.

அதற்கப்புறம் நிவேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் திடுக்கிட்டான். அம்மா சாதாரணமாக, “டேய், இங்க வா,” என்றால் குளியலறைக்குள் புகுந்துகொண்டான். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சரி, ஜோசியர் வாக்குக் கொடுக்காவிட்டாலும் வாயைக் காத்துக்கொண்டார் என்று சனிக்கிழமை காலையில் தைரியமாக முடிவெட்டப் போனான்.

திரும்பி வந்தபோது அம்மா அணைத்துவைத்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

“புலாவ் செபாங் சாமி போன் பண்ணாரு,” என்றாள். “மூத்தவன் கல்யாணம் ஆகாம இருக்கும்போது இளையவனுக்கு வரன் பாக்கறது முறையில்லம்மா, எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேங்கறாரு. எந்த மூத்தவன்டா?”

நிவேந்திரன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். “அப்பா எங்கம்மா?”

“அந்த ஆளையும் கேட்டேன். ‘என்னைக் கட்டறதுக்கு முன்னாடியே பெத்து, மஸ்ஜித் தானாவுல மூத்த மகனை ஒளிச்சு வச்சிருக்கீங்களாமே. ஜோசியர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு’ன்னேன். மூஞ்சி அப்படியே வெளிறிருச்சு. கார் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

அப்பாவுக்கு ரத்த அழுத்தம். செய்யாத குற்றத்தைக் கேட்டு மனுஷன் நிலைகுலைந்து, எந்தச் செம்பனைக் காட்டு ரோட்டில் காரை விட்டுக்கொண்டிருக்கிறாரோ! நிவேந்திரன் பதறிப்போய் அவரைப் போனில் கூப்பிட்டான். மணி படுக்கையறையில் அடித்தது.

“அம்மா, அப்பா மேல ஒரு தப்பும் இல்லம்மா. கணேஸ்வரன்னு ஒருத்தனே கிடையாது. அவன் ஓநாய்மா!”

“சீ! கூடப்பிறந்தவனைப் போயி ஓநாய்ங்கறியே, உனக்கு வாய் கூசல?”

“ஐயோ, நான்தாம்மா அந்த ஓநாய்!”

பாக்கியலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பனைக் காப்பாத்த மகனுக்கு வேற கதையே கிடைக்கலையா?”

விளக்க விளக்க விஷயம் மோசமானது. கடைசியில் நயீமைக் கூப்பிட்டான். நல்ல வியாபார நேரம். இருந்தும் அவன் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுப் பெட்டியோடு ஓடிவந்தான். சாப்பாட்டு மேசையில் பகடைகளைக் கொட்டினான், தடித்த விதிப் புத்தகத்தைப் பிரித்தான், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சாம்பல்நிறப் பொம்மையை எடுத்து அவள் முன்னால் நிறுத்தினான்.

“ஆண்ட்டி, இவன்தான் கணேஸ்வரன்.”

பாக்கியலட்சுமி பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வாலைத் தொட்டுப் பார்த்தாள். “இதுக்கா ஜோசியர் எண்பத்திரண்டு வயசுன்னு சொன்னாரு?”

“நான் நாப்பத்தஞ்சுன்னேன் ஆண்ட்டி. இவன்தான் ஒத்துக்கல.”

அவள் மகனைப் பார்த்தாள். “முப்பத்தொரு வயசு எருமைமாடு. இதுக்குப் போயி ஜாதகமா எழுதிக்கிட்டு வந்த?” என்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழத் தொடங்கினாள். “முப்பத்திமூணு வருஷம் வாயைத் திறக்காம என்கூடக் குப்பை கொட்டின மனுஷன்டா. அவரைப் போயி என்ன பேச்சு பேசிட்டேன்!”

அழுதுகொண்டே சமையலறைக்குப் போனாள். குளிர்பெட்டியிலிருந்து இறாலை எடுத்தாள். பாலகிருஷ்ணனுக்கு இறால் சம்பால் என்றால் உயிர். தீபாவளிக்கு என்று பத்திரப்படுத்திய பெரிய இறால் அது. வீடே மணக்க ஆரம்பித்தது.

நயீம் தொண்டையைக் கனைத்தான். “எண்பத்திரண்டே இருக்கட்டும்டா. மனுஷக் கணக்குதான். உங்கம்மா அழுததைப் பாத்தப்புறம் இவனைக் கொல்ல எனக்குக் கை வராது.”

ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ஓநாயும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. நிவேந்திரன் நாற்காலியில் சரிந்து, பல நாளுக்குப் பிறகு ஒழுங்காக ஒரு மூச்சு விட்டான்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பாக்கியலட்சுமி கரண்டியும் கையுமாக ஓடினாள், பின்னாலேயே நிவேந்திரனும் நயீமும். “உள்ள வாங்க! நான் ஒரு மடச்சி, எவன் என்ன சொன்னாலும் நம்பிடுவேன். இந்தப் பய பண்ணின கூத்தைக் கேட்டா நீங்களே சிரிப்பீங்க!”

பாலகிருஷ்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுபக்கக் கதவு திறந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், கையில் ஒரு டப்பா பலகாரத்தோடு இறங்கினாள். பாலகிருஷ்ணனின் அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி. வாசலில் நின்ற மூவரையும் பார்த்துக் கண்கலங்கி, பாக்கியலட்சுமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“என் பேரு அனுசியா. அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே பயமில்லாம வீட்டுக்கு வரலாம்னு அப்பா சொன்னாரு. ஜோசியர் மஸ்ஜித் தானான்னு ஊரைக்கூடச் சரியாத்தான் சொல்லியிருக்காரு… ஆனா நான் பையன் இல்லம்மா, பொண்ணு.”