மை டாக்டரின் கசியாத பற்கள்

தோளில் பையை மாட்டிக்கொண்டு ரூட் 22 நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பிரிட்ஜ்வாட்டரில் யாரும் நடப்பதில்லை. நடக்கிறவனைப் பார்த்தால் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அன்று இரண்டு பேர் காரை நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு வண்டியே கிடையாது என்றதும் ஒருவர் முன்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்.

நான் விட்டுவிட்டு வந்த வீடு மை டாக்டருடையது. முன்பின் தெரியாதவர்களின் பல் வேர் நுனிக்காகச் சோறு தண்ணீர் மறந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். டெக்சாஸில் இரண்டு சமையலறைகள், கலிபோர்னியாவில் ஒரு கிடங்கு என்று பலவிதமான கிறுக்கர்களிடம் வேலை பார்த்தவன் நான். அதனால் இதை அடித்துச் சொல்லலாம்.

2006இல் அவரைச் சந்தித்தேன். கோயில் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. வரிசையில் வந்த ஒருவர் தட்டை நீட்டாமல் என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அந்தக் கீழ்ப்பல் ஆடுதுங்களா?"

ஆடியது.

"விழுந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. எனக்கு வேணுங்க."

பின்னால் நின்ற சாஃப்ட்வேர்க்காரர் என்னிடம் குனிந்தார். "ஜாக்கிரதையா இருங்கண்ணே. போன மாசம் எங்க மாமியார்கிட்டயும் இதையே கேட்டாரு. அன்னிலேர்ந்து அவங்க வாயே திறக்கறதில்ல. வீடு நிம்மதியா இருக்கு."

எனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் டாக்டர் தன் வீட்டு பேஸ்மென்டில் படுத்துக்கொள்ளச் சொன்னார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஈரோட்டில் பல் வைத்தியம் பார்த்தவர். இங்கே மனைவியின் விசாவில் வந்திருந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. மறுபடி பல் டாக்டராக வேண்டுமானால் இங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டும். அதற்கு ஒரு பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வேர் நுனி சிமென்ட்டைச் சோதித்துக் கொண்டுவா, எழுதித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காகத்தான் கராஜ் முழுக்கப் பல்.

விஷயம் இதுதான். வேர் சிகிச்சை செய்தும் சில பற்கள் அடங்காமல் வலிக்கும். அப்போது ஈறைத் திறந்து, வேரின் நுனியைக் கொஞ்சம் நறுக்கி, அடிப்பக்கமாகக் குழி தோண்டி சிமென்ட் வைத்து அடைப்பார்கள். சிமென்ட் கசிந்தால் கிருமி புகுந்து மறுபடி வீங்கும். டாக்டர் ஊரில் முதன்முதலாக அப்படி அடைத்தது தன் மாமனாரின் முன்பல்லை. கசிந்துவிட்டது. அதன்பின் மாமனார் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேலுதட்டைத் தூக்கிக் காட்டி, "மாப்பிள்ளை வேலை" என்பாராம்.

கசிவைக் கண்டுபிடிக்க மை வேண்டும். ஒரு கிளினிக்கில் பிடுங்கிப்போட்ட பற்களை டாக்டர் டப்பா டப்பாவாக வாங்கி வருவார். நுனியை நறுக்கி சிமென்ட் வைப்பார். நுனியை மட்டும் திறந்து விட்டுவிட்டு, வேரின் மற்ற இடமெல்லாம் நெயில் பாலிஷ் இரண்டு கோட். பிறகு மூன்று நாள் நீல மையில் ஊறும். எடுத்து, பாலிஷைச் சுரண்டிவிட்டு, நீளவாக்கில் பிளந்து, மை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்.

ஆகவே அவருக்கு விரல்கள் நீலம், நகங்கள் சிவப்பு. நான் அவரை மை டாக்டர் என்பது அதனால்தான். தீர்த்தம் கொடுக்கும் அர்ச்சகர் அவர் கையைப் பார்த்து ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவார். கடையில் நெயில் பாலிஷை மொத்தமாக அள்ளியபோது, வீட்டில் எத்தனை பெண்கள் என்று கேட்டாளாம் பில் போடுகிற பெண். அறுபது வேர் இருக்கிறது என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். முகம் பார்த்து அவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. "கொஞ்சம் சிரிங்க, யாருன்னு சொல்றேன்" என்பார். சிரித்தால் சரியாகச் சொல்லிவிடுவார்.

அவர் மனைவி, நான் மேடம் என்று கூப்பிடுகிறவர், முதல் நாளே எனக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். "அண்ணா, மேல் தட்டுல இட்லி மாவு. கீழ்த் தட்டுல பல்லு. மாத்தி எடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்லீங்க."

பாலிஷ் பூசும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். படிப்பு எட்டாவதோடு சரி என்றாலும் சங்ககிரியில் லாரிக்கு பெயின்ட் அடித்தவன், கை நடுங்காது. பூசி முடித்ததும் டாக்டர் ஒவ்வொரு பல்லாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இவரு டீ நெறையா குடிச்சிருக்காரு. பாவம், இவரு தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவரு" என்று விசாரித்துவிட்டுத்தான் மையில் போடுவார்.

முதல் அறுபதும் கசிந்தன. பிளந்த ஒவ்வொன்றிலும் நீலக் கோடு. டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ரசம் கொண்டுபோய் வைத்தால், அதில் விழுந்த விளக்கொளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது தடவை ஈரத்திலேயே இறுகும் ஒரு சாம்பல் நிற சிமென்ட் வாங்கினார். குழி தோண்டி அடைத்து வைத்துவிட்டு, மனைவியை ஆபீசிலிருந்து கூட்டிவரப் போனார். நான் வழக்கம்போல் இரண்டு கோட் பூசினேன். பிறகு யோசித்தேன். கசியக் கூடாது என்பதுதானே இந்த மனிதரின் கவலை? கசியாமல் செய்துவிட்டால் போயிற்று. மேடத்திடம் நிறமில்லாத பாலிஷ் ஒரு பாட்டில் இருந்தது. நுனிகளுக்கும் மெல்லிசாக ஒரு கோட் கொடுத்துவிட்டேன். லாரியில் ஒரு இடம் விடாமல் பூசியவனுக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

மூன்று நாள் கழித்துப் பிளந்தோம். ஒன்றில்கூட மை ஏறவில்லை. டாக்டர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, கராஜ் கதவைத் திறந்து, பிப்ரவரிப் பனியில் செருப்பில்லாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். மேடம் கேசரி கிண்டினார். மாமனாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, "மாமா, இனி ஒதட்டைத் தூக்காதீங்க" என்றார் டாக்டர். "மொதல்ல ஊருக்கு வந்து இதைச் சரி பண்ணுங்க மாப்பிள்ளை" என்றது போன்.

கேசரி சாப்பிடும்போது, இனி எப்போதும் கசியாதே, நிம்மதிதானே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"கசிஞ்சா கசியட்டுங்ணா. எவ்வளவு கசியுதுன்னு உள்ளது உள்ளபடி தெரியோணும். அதுதான் வேலை. போன தடவை லீக் ஆச்சே, அதுவும் ரிசல்ட்டுதானுங்க."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். நுனியில் பூசியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்க்கப் போவதாக இருந்தார். இடையில் நான்கு நாட்கள். மனிதர் பாடிக்கொண்டே பல் டப்பாக்களைத் துடைத்தார். பேஸ்மென்ட் கதகதப்பாக இருந்தது. வெளியே பனி. பசியை ஒளிக்காமல் சொல்லத் தெரிந்த எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பேராசிரியர் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்திருக்கிறார். சிமென்ட்டின் மேல் கண்ணாடிபோல ஒரு படலம்.

"அண்ணா, எத்தனை பல்லுக்குங்க?"

"எல்லாத்துக்கும்."

தலையாட்டினார். நல்ல ரிசல்ட்டுக்காக டாக்டரே தில்லுமுல்லு செய்ததாகப் பேராசிரியர் நினைத்துவிட்டார். இந்த வருஷம் கடிதம் கிடையாது. யார் பூசியது என்று கேட்டிருக்கிறார். நானேதான், தெரியாமல் பூசிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார் இவர்.

"ஏங்க டாக்டர் அப்படிச் சொன்னீங்க?"

"வேற யாரைங்க சொல்றது? நுனியை எதுக்கு விடோணும்னு நான் உங்களுக்குச் சொல்லித் தரவே இல்லீங்களே."

சொல்லிவிட்டு கராஜுக்குப் போய், காலி டப்பாக்களைக் கழுவ ஆரம்பித்தார். அடுத்த அறுபதுக்காக. திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

மறுநாள் காலை இருவரும் காரில் கிளம்பியதும் பையைக் கட்டினேன். ஆடிக்கொண்டிருந்த கீழ்ப்பல்லை ஒரு நூலைக் கட்டி நானே பிடுங்கினேன். நினைத்ததைவிட வலித்தது. அதை உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டு அவர் மேஜைமேல் வைத்து, மூடியில் என் பெயரை எழுதினேன். பிறகுதான் ரூட் 22. பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. கடிதம் கிடைத்ததா என்றும் தெரியாது.

அடுத்த நாள் காலை ஒரு மோட்டலில் வேலை கிடைத்தது. குளியல் தொட்டிகளின் விளிம்பில் ரப்பர் பசை வைத்துக் கசிவை அடைக்க வேண்டும். முதல் அறையை முடித்ததும் முதலாளியிடம் நீல மை கேட்டேன். எதற்கு என்று புரியாமல் பேனாவைக் கொடுத்தார். அதை உடைத்துத் தண்ணீரில் கலந்து விளிம்பில் ஊற்றினேன். நாக்கு பல் போன இடத்தைத் தடவிக்கொண்டிருக்க, கீழே வெள்ளைத் துணியை விரித்துக் குந்தி உட்கார்ந்தேன். அரை மணி கழித்துத் துணியில் மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது.

எழுந்து போய் முதலாளியிடம், கசிகிறது என்று சொன்னேன்.