பறந்துபோன கோஸ்

பயிர்களைக் காக்கவென்றே ஓர் அலுவலகம் இயங்கிவந்தபடியால், தன் கோஸ் வயலுக்கு ஒரு குறையும் வராது என்று கோஸ்காரம்மா நிம்மதியாக இருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே கோஸை நம்பித்தான்.

ஒருநாள் இலைக்கடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூச்சி முட்டைகள். நசுக்கக் கை பரபரத்தது. ஆனால் அனுமதியின்றி எந்த உயிரையும் நசுக்கலாகாது என்று புது உத்தரவு வந்திருந்தது. இலையைக் கிள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"முட்டையா? நாங்க புழுவுக்கு மட்டும்தாம்மா. முட்டைன்னா கோழித்துறை" என்றார் புழு அதிகாரி.

கோழித்துறை அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "தாய்க்கோழி எங்கே?"

"கோழி இல்லீங்க, பூச்சி."

"எதுவானா என்ன? தாயில்லாம முட்டையைப் பதிய முடியாது. போய்க் கூட்டிட்டு வாங்க."

தாயைத் தேடி அலைந்த நேரத்தில் பிள்ளைகள் பொரிந்துவிட்டன. இலையெல்லாம் சல்லடை. இலை இருந்தால்தானே கோஸ் உருண்டு திரளும்? அழுதுகொண்டே புழு அதிகாரியிடம் மறுபடி ஓடினாள்.

"புழுவாயிடுச்சு சார்!"

"இப்பதான் முறையா வந்திருக்கீங்க" என்று அவர் முகம் மலர்ந்தார். நேரில் பார்வையிட வண்டி வேண்டும். வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும். ஓட்டுநருக்கு விடுப்பு முடிய வேண்டும். எல்லாம் கூடிவந்தபோது புழுக்கள் கூடு கட்டி அடங்கியிருந்தன.

"தூங்குறதை எழுப்பித் தண்டிக்கச் சட்டத்துல இடமில்லம்மா."

"தின்னுட்டுத்தானே சார் தூங்குது!"

"நாம மட்டும் எப்படியாம்?"

சில நாளில் வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பட்டாம்பூச்சிகள். உடனே அழகுத்துறை வந்து, 'பட்டாம்பூச்சிப் பூங்கா' என்று பலகை நட்டது. ஊரே திரண்டது. பூச்சியோடு படம் எடுக்காதவர்களை யாரும் மனுஷராக மதிப்பதில்லை என்றாகிவிட்டது. தலையில் ஒன்று வந்து உட்காரட்டும் என்று பெரிய மனிதர்களெல்லாம் மூச்சடக்கி நின்றார்கள். அவள் கணவனும் நின்றான்.

"விடு, நம்ம வயலுக்குப் பேரு வந்திருக்கே."

"பேரை வேகவச்சா பசி அடங்குமா?"

அன்று புழு அதிகாரியே மனைவியோடு வந்தார். மனைவியின் தோளில் ஒரு பூச்சி அமர்ந்தது. சட்டென்று கைப்பேசியைக் கோஸ்காரம்மாவிடம் நீட்டிவிட்டு அருகே போய் நின்றார்.

"ஒரு படம் எடும்மா. அப்படியே, நல்ல கோஸா ஒண்ணு இருந்தா குடு. சந்தையில தேடித் தேடிப் பார்த்தாச்சு. எல்லாம் எங்கேதான் போச்சோ!"

"அம்மா தோள்மேல உக்காந்திருக்கு சார்" என்றாள் அவள். "அசையாம சிரிங்க."